சிறுத்தையின் காலடியில் இருக்கும் புல்

என் ராசா,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. ஒட்டிய உறை என்றால் வழியில் சோதனை செய்கிறவர்கள் கிழித்துப் பார்ப்பார்கள்; கிழித்ததைத் திரும்பத் தருவார்கள் என்று நம்ப முடியாது. பக்கத்து வீட்டு ரீச்சர் இன்று பின்னேரம் கிளாலித் துறைக்கு வெளிக்கிடுகிறார். படகில் கடல்நீரேரியைத் தாண்டி, வவுனியா போய், கொழும்பு போய்ச் சேர்ந்தால் முதல் வேலையாக இதைத் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கிடையில் எத்தனை பேர் பிரித்து வாசிப்பார்களோ தெரியாது. வாசிக்கட்டும். பன்னிரண்டு வருஷமாக ஒரு பொய்யைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஊருக்கே மாட்டிக் காட்டியவன் நான். உண்மையை நாலு பேர் வாசித்தால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நீ அந்த முள்ளு மறைப்புக்குள் போய் இருப்பதற்கு முன் இது உன் கையில் கிடைக்க வேண்டும்.

உன் கடிதம் கென்யாவிலிருந்து இங்கே வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. நீ வேலை செய்கிற காட்டு விடுதியில் மரக்கொப்பில் இறைச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்கள் என்றும், பின்னேரம் ஐந்தரைக்குச் சிறுத்தை வந்து ஏறும் என்றும், வெள்ளைக்காரர்கள் தேத்தண்ணி குடித்தபடி அதைப் படம் எடுப்பார்கள் என்றும் முன்னமே எழுதியிருந்தாய். இந்த முறை எழுதியதுதான் எங்களுக்குச் சோறு இறங்காமல் செய்துவிட்டது. மரத்தில் எடுத்த படம் எல்லோரிடமும் இருக்கிறது, நிலத்தில் நின்று நேருக்கு நேர் பார்க்கிற படம்தான் வேண்டும் என்று மனேஜர் சொல்லிவிட்டாராம். ஐப்பசியில் உயிரோடு ஒரு ஆட்டைக் கட்டப் போகிறார்களாம். பதினைந்து அடி தள்ளி முள்ளால் ஒரு மறைப்புக் கட்டி, கமராவோடு நீதான் உள்ளே இருக்கப் போகிறாயாம். “எனக்குப் பயமில்லை அப்பா. அசையாமல் இருந்தால் அது பார்த்துவிட்டுப் போய்விடும். நீங்கள் இருந்துதானே எடுத்தீர்கள்” என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை வாசித்தபிறகு நான் கதிரையை விட்டு எழும்ப ஒரு மணித்தியாலம் ஆயிற்று.

அந்தப் படத்தை நீ எத்தனை தடவை பார்த்திருப்பாய்! கொக்குவிலில் வீட்டோடு சேர்ந்த எங்கள் ஸ்டூடியோவின் முன் யன்னலில், கலியாணப் படங்களுக்கும் குழந்தைகளின் படங்களுக்கும் நடுவில், இரண்டடி உயரத்தில் அந்தச் சிறுத்தை நின்றது. ரயிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கடைக்காரர் அதைக் கலண்டரில் அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்தார். புத்தூரில் ஒரு வீட்டுக்குக் கலியாணப் படம் எடுக்கப் போனபோது, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் என் சிறுத்தை தொங்கியதைக் கண்டு தலைகால் தெரியாமல் திரிந்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னேன். பதினைந்து அடி தள்ளி ஆறு மணித்தியாலம் மூச்சை அடக்கி இருந்தேன், அது வந்தது, என்னைப் பார்த்தது, இவன் கெடுதல் செய்யமாட்டான் என்று கண்டுகொண்டது, போய்விட்டது. நீ மேசைக்குக் கீழே இருந்து அதைக் கேட்டு வளர்ந்தாய். எனக்கு மறந்துபோகிற இடங்களை நீ எடுத்துக் கொடுப்பாய். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்தது போல ஆகிவிட்டது, தம்பி. பொய்யில் உள்ள பெரிய வசதி அதுதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எண்பத்து மூன்றாம் ஆண்டு பங்குனி மாதம். அப்போது உனக்குப் பதினொரு வயது. நண்பர் ஒருவரின் பழைய காரில் மன்னாருக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டின் எல்லையில் இருந்த, எனக்குப் பழக்கமான சலீம் நானாவின் தோட்டத்துக்குப் போனேன். காரைக் கொடுத்த நண்பர் வரவில்லை. நானும் உன் நாய் கறுவலும்தான். கறுவல் தானாகக் காரில் ஏறிப் பின் சீற்றில் படுத்துக்கொண்டது. “அது உங்களோடை வரட்டும் அப்பா, காட்டுக்கை காவலுக்கு நல்லது” என்று நீதான் சொன்னாய். உன் பழைய பள்ளிக்கூட பெல்ட்டை வெட்டி அதன் கழுத்துக்குப் பட்டி போட்டிருந்தாய். அதன் வளையத்தைச் சாம்பல் போட்டு மினுக்கி வைத்திருந்தாய். அதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். எனக்கு ஒருநாளும் மறந்ததில்லை.

இரண்டு நாள் நானும் சலீம் நானாவும் சரணாலயத்துக்குள் ஜீப்பில் சுற்றினோம். மான் கண்டோம், கரடியின் காலடி கண்டோம். சிறுத்தை என்று கண்டது ஒரு வாலை மட்டும்தான். அந்த வாலும் பற்றைக்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் திரும்ப வேண்டும். மூன்று றோல் பிலிமோடு போனவன் வெறுங்கையோடு வந்தால் ஊரில் என்ன கதைப்பார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. சலீம் நானாவின் தோட்டத்துக்குப் பின்னால், சரணாலயத்துக்கு வெளியே, ஒரு சிறுத்தை அடிக்கடி வந்து போவதாக அவர் சொல்லியிருந்தார். ஒரு ஆட்டைக் கட்டுவோம் என்று நான் கேட்டேன். அவருடைய மனைவி ஒரேயடியாக மறுத்துவிட்டா. நிற்கிற இரண்டில் ஒன்று சினை, மற்றது ஹஜ் பெருநாளைக்கு நேர்ந்தது. முற்றத்தில் கறுவல் என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. நான் குனிந்து அதைப் பார்த்தேன். நான் பார்த்ததைச் சலீம் நானா பார்த்துவிட்டார்.

“வேணாம் தம்பி” என்றார். “ஆடு எண்டால் வேற கதை. இது உங்கட கையைப் பாத்துக்கொண்டு கிடக்குது.”

“ஒண்டும் நடக்காது நானா. மணத்துக்குத்தான். அது வெளியிலை வந்த உடனை ஒரு வெடி வையுங்கோ, ஓடிப்போடும்.”

அவரிடம் பயிர்க் காவலுக்கு வைத்திருந்த ஒரு துவக்கு இருந்தது. அதைச் சொல்லித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவர் விருந்தாளி கேட்டதை மறுக்கத் தெரியாத மனிதர். அலவாங்கால் குழி தோண்டி ஒரு கட்டையை நட்டார். கயிற்றை மட்டும் அவர் தொடவில்லை. கறுவலைக் கட்டியது நான்தான். முடிச்சுப் போடும்போது அது என் கையை நக்கியது.

பதினைந்து அடி தள்ளித் தென்னோலைக் கிடுகும் முள்ளுக்கொப்பும் வைத்து மறைப்பு. அதற்குள் நாங்கள் இருவரும். ஆறு மணித்தியாலம் என்பது பொய். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. காகங்களின் சத்தம் நின்றது. பிறகு காற்றும் நின்றது போலிருந்தது. கறுவல் குரைக்கும் என்று நினைத்தேன். குரைக்கவில்லை. வயிற்றை நிலத்தோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு எங்கள் மறைப்பையே பார்த்தது. அது பின்னால் திரும்பவே இல்லை. பின்னால் என்ன வருகிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது. என்றாலும், நான் உள்ளே இருக்கிறேன் என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது.

சிறுத்தை புல்லுக்குள்ளிருந்து வெளியே வந்து கறுவலுக்கு மேலே ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நின்றது. “வெடி வைக்கட்டே?” என்று சலீம் நானா என் காதுக்குள் கேட்டார். நான் இடது கையால் துவக்கின் குழலைக் கீழே அமத்தினேன். வலது கையால் கமராவை அழுத்தினேன். அந்தச் சத்தத்துக்கு அது தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வைதான் கலண்டரில் வந்த பார்வை. இரண்டாம் தடவை அழுத்தினேன். மூன்றாம் தடவை அழுத்தியபோது என் கண் மூடியிருந்தது. கண்ணைத் திறந்தபோது கட்டையும் கயிற்றின் ஒரு துண்டும்தான் இருந்தன. அசையாமல் இருந்தேன் என்று நான் அளந்தது உண்மைதான். பயத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை, சாரமும் நனைந்து போயிருந்தது. இதையும் வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

“கட்டையைப் பிடுங்கிப் போட்டுப் போவம் தம்பி” என்றார் சலீம் நானா. வெளிச்சம் போக முதல் றோட்டுக்கு ஏற வேண்டும் என்று எனக்கு அவசரம். “பிறகு பாப்பம் நானா” என்றேன். இந்த மூன்று சொற்களையும் நீ நினைவில் வைத்திரு.

வீட்டுக்கு வந்து உனக்குச் சொன்ன கதை, முருங்கனில் ரயர் மாற்றும்போது கறுவல் காட்டுக்குள் ஓடிவிட்டது, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது என்பது. நீ அழவில்லை. “வழி தெரியும், வந்திடும்” என்றாய். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போக முன் ஒரு தட்டில் சோறு போட்டு வாசல் படலையடியில் வைத்தாய். பின்னேரம் வந்து காகம் கொத்திய தட்டைக் கழுவி எடுத்தாய். ஒரு மாதம் அப்படிச் செய்தாய். அந்த ஒரு மாதமும் நான் ஸ்டூடியோவின் பின்கதவால் போய் வந்தேன்.

படத்தைக் கழுவியபோது இரண்டாவது படம்தான் துல்லியமாக இருந்தது. சிறுத்தை என்னைப் பார்க்கிறது. கறுவலும் என்னைப் பார்க்கிறது. கறுவலை வெட்டி ஒதுக்க வழியில்லை, சிறுத்தையின் காலடியிலேயே கிடந்தது. எங்கள் தொழிலில் நான் எத்தனையோ பேரின் அம்மைத் தழும்பை அழித்திருக்கிறேன். செத்தவரின் மூடிய கண்ணைத் திறந்து வரைந்து கொடுத்திருக்கிறேன். ஒரு நாயை அழிப்பதா பெரிய வேலை? பெரிதாக ஒரு பிரதி அடித்து, மெல்லிய தூரிகையில் மை தொட்டு, கயிற்றை முதலில் அழித்தேன். பிறகு கறுவலின் மேல் ஒவ்வொரு இழையாகப் புல் வரைந்தேன். மூன்று நாள் எடுத்தது. பெல்ட்டின் வளையம் மட்டும் எத்தனை தடவை மை வைத்தாலும் ஒரு வெள்ளைப் புள்ளியாக மேலே வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் உன் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தா.

“உதென்ன மினுங்குது?” என்று குனிந்தவ அப்படியே நின்றுவிட்டா. “இது தம்பியின்ரை பெல்ட்டெல்லே?”

நான் தூரிகையைத் திரும்ப மைக்குள் தொட்டேன்.

“ஐயோ, என்ன மனுசனப்பா நீங்கள்! அவன் சோறு வைச்சுப்போட்டு அங்கை படலையிலை நிக்கிறான்.” தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னா: “அவனுக்கு நீங்கள்தான் சொல்லோணும். நான் சொல்லமாட்டன்.” அவ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மை தீட்டிய அந்தப் பிரதியைத் திரும்பப் படம் பிடித்து யன்னலில் வைத்தேன். நீ ஓடிவந்து பார்த்துவிட்டு, “அப்பா, இந்தப் புல்லுத்தான் வடிவு, அசையுற மாதிரி இருக்கு” என்றாய்.

வைகாசியில் மன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. சலீம் நானா சொல்ல அவருடைய மகள் எழுதியது. நான் பிடுங்காமல் வந்த அந்தக் கட்டையில் அவர் தன் மாட்டுக் கன்றைக் கட்டியிருந்திருக்கிறார். பொழுதுபட்ட மைமல் நேரம் அவிழ்ப்பதற்குக் குனிந்தபோது சிறுத்தை பக்கவாட்டில் பாய்ந்திருக்கிறது. வலது தோள் போய்விட்டது. ஒரு கண்ணும் போய்விட்டது. “உங்களில் கோபம் இல்லைத் தம்பி. அது ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டையடிக்கு வந்து பாத்திட்டுப் போயிருக்குது. உங்கட கறுவலைத் தந்த இடம் எண்டு பழகிப்போச்சுது” என்று எழுதுவித்திருந்தார். நான் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த கிழமை போவோம், அடுத்த கிழமை போவோம் என்று இருந்தேன். ஆடியில் கலவரம் வந்தது. அதற்குப் பிறகு பாதை சரியில்லை, நேரம் சரியில்லை என்று எல்லாவற்றுக்கும் ஒரு சாட்டு எனக்குக் கையில் கிடைத்தது. கலண்டர் அச்சடித்து வந்ததும் அதில் ஒன்றைச் சுருட்டி அவருக்கு அனுப்பினேன். என்ன நினைத்து அனுப்பினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தொண்ணூறில் அந்த ஊர் முஸ்லிம் சனம் முழுவதையும் வெளியே போகச் சொன்னார்கள். சலீம் நானா எந்த முகாமில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது. மன்னிப்புக் கேட்பதற்கு இனி எனக்கு ஒரு விலாசம் இல்லை.

இதெல்லாம் உன்னிடம் வராமலே போயிருக்கும். ஆனால் போன மாதம் அளவெட்டிப் பக்கமிருந்து சண்டையால் சனம் எழும்பி வந்தது. ஒரு குடும்பம் எங்கள் ஸ்டூடியோவில்தான் தங்கியிருக்கிறது. கரண்டும் இல்லை, படம் கழுவுகிற மருந்துத் தண்ணியும் இல்லை, ஸ்டூடியோ வேறு எதற்கு? அந்தக் குடும்பத்து மனிதர் மூன்று நாள் ஒன்றும் கதைக்கவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, “நாயைக் கட்டினபடி விட்டிட்டு வந்திட்டன்” என்றார். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. அன்றைக்குப் பின்னேரம்தான் உன் கடிதம் வந்தது. அவதான் சத்தமாக வாசித்தா. கட்டப் போகிற அந்த ஆட்டுக்குட்டி உன் பின்னாலேயே திரிகிறது, உன் கையிலிருந்துதான் தின்கிறது, அதற்குக் கறுவல் என்று பேர் வைத்திருப்பதாக நீ எழுதிய இடத்தில் அவ கடிதத்தை என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா.

மகனே, எனக்கு உனக்குப் புத்தி சொல்ல வாயில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியாதது போல நீ போய் இருக்கக் கூடாது. அது உன்னைப் பார்க்கும், உண்மை. என்னைப் பார்த்த பார்வையைப் பன்னிரண்டு வருஷமாகச் சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தவன் நான். அதில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. இந்த இடம், இந்த மணம், இந்தச் சத்தம், இங்கே தருவார்கள் என்று படித்துக்கொண்ட பார்வை அது. உங்கள் விடுதிச் சிறுத்தைக்கோ வருஷக்கணக்காக மணிக்கூட்டு நேரத்துக்குப் படிப்பித்திருக்கிறீர்கள். கட்டியதை எடுத்த பிறகு மிச்சமாக அங்கே இருக்கப் போவது நீதான். உன் மறைப்புக்கும் அதற்கும் இடையில் பதினைந்து அடி என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? என் வாயிலிருந்து வந்தது. என் பொய்தான் உன்னை அங்கே கொண்டுபோய் இருத்தப் பார்க்கிறது.

ஐப்பசிக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. வடக்கே செல் அடிக்கிற சத்தம் ஒவ்வொரு நாளும் கிட்ட வருகிறது. நாங்களும் இந்த வீட்டை விட்டு எழும்ப வேண்டி வரலாம் என்று எல்லோரும் கதைக்கிறார்கள். படகு போகுமா, கடிதம் போகுமா, ஒன்றும் என் கையில் இல்லை. இது பிந்தி வந்தால் என்ன செய்வேன் என்று யோசிக்க எனக்குத் துணிவில்லை, ராசா. மனேஜர் கோபித்தால் கோபிக்கட்டும். வேலை போனால் போகட்டும். அந்த மறைப்புக்குள் போகவில்லை என்று ஒரு வரி எழுதிப் போடு, நாங்கள் எங்கே இருந்தாலும் அது எங்களைத் தேடி வரும்.

இதோடு அந்தப் படத்தின் மூல நெகட்டிவை அனுப்புகிறேன். படமாக அடித்து அனுப்ப இப்போது வசதியில்லை. சோதனையில் பறித்துவிடுவார்கள் என்று உன் அம்மா அதைப் பட்டுத்தாளில் சுற்றி, ரீச்சரின் துணிப்பையின் தையலுக்குள் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறா. கொழும்பில் பிரித்தெடுத்து ரீச்சர் உறைக்குள் வைப்பார். கிடைத்ததும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார். நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், வெள்ளை கறுப்பாகத் தெரியும் என்று உனக்குச் சின்ன வயதிலேயே காட்டித் தந்திருக்கிறேன். சிறுத்தையின் முன்னங்காலுக்குக் கீழே, நீ வடிவு என்று சொன்ன புல் இருந்த இடத்தில், வெள்ளையாக ஒன்று படுத்திருக்கும். அதன் கழுத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். அது நீ சாம்பல் போட்டு மினுக்கிய வளையம். அது சிறுத்தையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் எழும்பி வந்து அவிழ்ப்பேன் என்று.

நான் அவிழ்க்கவில்லை. நீ அவிழ்த்துவிடு.

அப்பா